கெர்ரியின் சட்டை

பிரணவியின் கண்ணில் முதலில் பட்டது அந்த இரத்தக்கறைதான்.

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் சென்டரின் நடுக்கூடத்தில் மணலைக் கொட்டிப் பரப்பி, இரண்டு பக்கமும் சின்னக் கோல் கம்பங்கள் வைத்து, பிள்ளைகளை வெறுங்காலோடு பந்து உதைக்க விட்டிருந்தார்கள். சுற்றிவர ஆளுயரப் பலகைகள். ‘கடற்கரைக் கால்பந்து: உலகப் போட்டிகளின் முப்பது ஆண்டுகள்’ என்று தலைப்பு. விதுஷன் வேலைக்குப் போட சப்பாத்து வாங்கக் கடைக்குள் போயிருந்தான். அவன் சப்பாத்து வாங்கினால் ஒரு மணித்தியாலம் போகும் என்பது கலியாணம் முடித்த பதினொரு வருஷத்தில் அவள் கண்ட உண்மை. ஆகவே ஆறுதலாகப் பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்தாள்.

1995இல் ரியோவில் முதல் உலகப் போட்டி. பத்து வருஷம் கழித்து, அதே ரியோவின் கோபகபானா மணலில் ஃபிஃபா நடத்திய முதல் உலகக் கோப்பை. சொந்த ஊரில் பிரேசில் பார்த்துக்கொண்டு நிற்க, பிரான்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு சின்னஞ்சிறு தஹித்தியின் கதை. தன் மண்ணிலேயே உலகக் கோப்பையை நடத்தி, அதற்குப் பிறகு இரண்டு தடவை இறுதியாட்டம் வரை போன கதை. எல்லாம் ஆண்கள். பெண்களுக்கு ஒரேயொரு பலகை, கடைசியில், கழிப்பறைக்குப் போகும் வழியில் நின்றது.

அதில்தான் அந்தப் படம் இருந்தது. ‘2010, ஆப்பியா, சமோவா. தென் பசிபிக் பெண்கள் அழைப்புக் கோப்பையில் வெண்கலம் வென்ற நமது அணி.’ சுவர் அளவுக்குப் பெருப்பித்த படம். நடுவில் காப்டன் ரேச்சல். பக்கத்தில் கோல்கீப்பரின் மஞ்சள் சட்டையோடு கெர்ரி, பல் தெரியச் சிரிக்கிறாள். அந்த மஞ்சள் சட்டையின் கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. ஓரத்தில், வெள்ளை டீஷேர்ட்டும் வாயில் பொத்திய துவாயுமாக, மெலிந்த கறுத்த பெட்டை ஒருத்தி.

கீழே பெயர்கள். இடமிருந்து வலமாக எட்டுப் பேர், முதற்பெயரும் குடும்பப் பெயருமாக. ஒன்பதாவது: ‘உள்ளூர் உதவியாளர், பெயர் தெரியவில்லை.’

பிரணவி அதை மூன்று தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் வாசிக்கும்போது காது இரண்டும் சூடாகிவிட்டிருந்தன. ஆப்பியாவில் பிறந்தவளாகவும் ஆக்கிவிட்டார்கள், பெயர் இல்லாதவளாகவும் ஆக்கிவிட்டார்கள்.

மணலுக்குப் பக்கத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்ற இளைஞன் அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு வந்தான். கழுத்தில் ரவிசங்கர் என்று அட்டை தொங்கியது.

“நீங்க தமிழாங்க? படம் நல்லா இருக்குல்ல? இந்தப் பலகை எல்லாம் நான்தான் தொகுத்தேன். ஐ.டி. வேலை, வீக்கெண்ட்ல சங்கத்துக்கு வாலண்டியர்.”

“இந்தப் பெயர்களை உங்களுக்கு ஆர் தந்தது?”

“எங்க சேர்பர்சன் ரேச்சல்தாங்க. அவங்கதான் அப்ப கேப்டன்.”

“ஒன்பதாவது ஆளின்ர பெயர்?”

“அதைக் கேட்டேங்க. ஞாபகம் இல்லைன்னாங்க. யாரோ அந்த ஊர்ப் பொண்ணு, தண்ணி கொண்டு வந்து கொடுத்துச்சுன்னாங்க.” அவன் உற்சாகம் குறையாமல் தொடர்ந்தான். “ஆனா பாருங்க, இந்தக் கெர்ரி இருக்காங்கல்ல, அந்தப் போட்டியிலேயே பெஸ்ட் கோல்கீப்பர் இவங்கதான். அடுத்த ஞாயித்துக்கிழமை மிஷன் பே பீச்ல விழா. அவங்களைத்தான் கௌரவிக்கிறோம். அவசியம் வாங்க அக்கா.”

“வாறன்” என்றாள் பிரணவி.

நடந்தது இதுதான்.

பதினாறு வயதில் தாயோடு அகதியாக ஆக்லாந்துக்கு வந்த பிரணவிக்கு ஆங்கிலத்துக்கு முதல் பிடிபட்டது பந்து. உயரம் இல்லை, ஆனால் பயமும் இல்லை. பந்துக்கு முகத்தைக் கொடுக்கிற கோல்கீப்பர் என்று பெயரெடுத்தாள். இருபது வயதில் வைட்டமாட்டா மணல் கால்பந்துச் சங்கத்தின் பெண்கள் அணியோடு பயிற்சி எடுத்தாள். அந்த அணி நாட்டின் பெயரில் ஆப்பியாவுக்குப் போவதாக முடிவானபோது, அவளுக்குக் குடியுரிமை கிடைக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. குடியுரிமை இல்லாதவர் நாட்டுக்கு ஆடக்கூடாது. “உதவியாளராக வா, பயிற்சிக்கு ஒரு ஆள் வேண்டும்” என்றாள் ரேச்சல். பிரணவி போனாள். தண்ணீர்ப் போத்தல் நிரப்பினாள், துவாய் மடித்தாள்.

முதல் ஆட்டத்துக்கு முதல்நாள் பயிற்சியில் கெர்ரியின் விரல் முறிந்தது. வேறு கோல்கீப்பர் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் ரேச்சல் அந்த மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்து பிரணவியின் மடியில் போட்டாள். “பட்டியலில் இருப்பது நம்பர் ஒன்று, கெர்ரி. நீதான் நம்பர் ஒன்று. யாரும் கேட்கப்போவதில்லை.”

கேட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருவரின் கையையும் நகத்தையும் பார்த்துக்கொண்டு வந்து, அவளிடம் “கெர்ரியா?” என்றார். “ஓம்” என்று தமிழில் சொல்ல வந்த வாயைத் திருத்தி “யெஸ்” என்றாள். நாலு நாளும் நாலு தரம் சொன்னாள்.

வெண்கலத்துக்கான ஆட்டத்தில், மூன்று பன்னிரண்டு நிமிஷப் பகுதிகளில் கடைசியும் முடிகிற நேரம். நாலுக்கு மூன்று என்று இவர்கள் முன்னால். டோங்கா பெட்டை ஒருத்தியை ரேச்சல் இழுத்து விழுத்த, ஃப்ரீ கிக். இந்த விளையாட்டில் ஆட்கள் வரிசையாக நின்று சுவர் கட்ட விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் அடிபட்டவளே எழும்பி உதைக்கவேண்டும். அவள் மணலைக் கூட்டி மேடாக்கி, அதன் மேல் பந்தை வைத்து, ஒரு மனுசியின் ஆத்திரம் முழுவதையும் சேர்த்து உதைத்தாள். வெயில் கண்ணுக்குள். பிரணவி பந்தைக் காணவில்லை. அது வாயில் வந்து விழுந்தபோதுதான் எங்கே என்று தெரிந்தது. முன்பல் உடைந்து மணலுக்குள் போயிற்று. பந்து வெளியே போயிற்று. நடுவர் விசில் ஊதினார்.

எல்லோரும் அவள் மேல் விழுந்து கட்டிப் பிடித்தார்கள். படம் எடுக்க ஆள் வந்ததும் ரேச்சல் காதோடு சொன்னாள்: “சட்டையைக் கழற்றிக் கெர்ரியிடம் கொடு. சீக்கிரம்.”

கொடுத்தாள். கெர்ரி முறிந்த விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வருஷம் குடியுரிமை வந்தது. ஆனால் அணிக்கு அழைப்பு வரவில்லை. மூன்று தரம் கேட்டுப் பார்த்தாள். அவளைப் பார்த்தாலே ரேச்சலுக்குச் சங்கடம் என்று மெல்லப் புரிந்தது. களவுக்குக் கூட வந்தவனை வீட்டு விருந்துக்குக் கூப்பிடுவார்களா? பிரணவி பந்தை விட்டாள். படித்தாள், கலியாணம் முடித்தாள், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் இருபது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர் ஆனாள். உடைந்த பல்லுக்கு உறை போட்டுக்கொண்டாள்.

இவ்வளவையும் அன்றைக்குக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது விதுஷனுக்குச் சொன்னாள். பல் சைக்கிளால் விழுந்து உடைந்தது என்றுதான் அவன் இவ்வளவு காலமும் நம்பியிருந்தான்.

அவன் அடுத்த சந்தியில் காரைத் திருப்பினான். பிறகு, “கோவிக்காதையும்” என்று தொடங்கினான். கோவிக்க வைக்கிற கதையை அவன் எப்பவும் அப்படித்தான் தொடங்குவான். “நீரும் அண்டைக்கு யெஸ் எண்டுதானே சொன்னனீர்?”

“ஓம். சொன்னனான்.”

“அப்ப இப்ப போய் என்னெண்டு கதைக்கிறது? நீரும் சேர்ந்துதானே பொய் சொன்னது.”

“நான் பொய் சொன்னதுக்கு என்ர பல்லு போச்சு, விளையாட்டுப் போச்சு. அவையளுக்கு என்ன போச்சு? ஒருத்தி சேர்பர்சன். ஒருத்திக்குக் கோப்பை. எனக்கு ‘பெயர் தெரியவில்லை’!” அவள் குரல் காருக்குள் அடங்கவில்லை. “பெயர் தெரியாதாம் விதுஷன்! ரேச்சல் என்னோட ஒரே அறையில நாலு நாள் படுத்தவள். என்ர அம்மா குடுத்துவிட்ட பருத்தித்துறை வடையைச் சாப்பிட்டவள்.”

சிவப்பு விளக்கில் நின்றபோது விதுஷன் அவள் கையைப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் பிரணவி த்ரீ கிங்ஸில் ரேச்சலின் வீட்டுக் கதவைத் தட்டினாள். சண்டை பிடிக்கப் போகவில்லை. வழிநெடுக அதைத் தனக்கே சொல்லிக்கொண்டு போனாள்.

ரேச்சல் கதவைத் திறந்து இரண்டு விநாடி பார்த்தாள். “பிரணவி” என்றாள்.

“அப்போ பெயர் ஞாபகம் இருக்கிறது” என்றாள் பிரணவி.

ரேச்சல் உள்ளே கூப்பிட்டாள். குசினி மேசையில் அடுத்த கிழமை விழாவுக்கான கொடிகள் குவிந்து கிடந்தன. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். பிரணவி உட்காரவில்லை.

“பதக்கம் வேண்டாம். மேடையும் வேண்டாம். அந்தப் பலகையில் ‘பெயர் தெரியவில்லை’ என்பதை எடுத்துவிட்டு, உதவியாளர் பிரணவி குணரத்தினம் என்று எழுதுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.”

ரேச்சல் ஒரு கொடியை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். “பெயர் போட்டால் யாராவது தேடுவார்கள். தேடினால் ஆட்டத்தின் படங்கள் கிடைக்கும், நீ கோலில் நிற்கிற படங்கள். எட்டுப் பெண்களின் பதக்கம் போய்விடும். பெண்கள் அணிக்கு இப்போதுதான் ஆதரவு வருகிறது, பிரணவி. இந்த நேரத்தில் இது வெளியே வந்தால் யாருக்கு நட்டம், யோசித்துப் பார்.”

“கெர்ரிக்கு ஏன் விருது?”

“நாங்கள் கேட்கவில்லை. பழைய ஆவணத்தில் சிறந்த கோல்கீப்பர் என்று அவள் பெயர்தான் இருக்கிறது. குழு முடிவெடுத்தது. நான் எப்படி மறுப்பது? என்ன சொல்லி மறுப்பது?”

“உண்மையைச் சொல்லி.”

ரேச்சல் பெருமூச்சு விட்டாள். பொறுமையானவர்கள் விடுகிற பெருமூச்சு. “பார், அன்றைக்கு நாங்கள் உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தோம். வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்குக் கொஞ்சமாவது நன்றி...”

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் முடிந்தது. பிரணவி வெளியே வந்தாள். காருக்குள் ஏறி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்தாள். ஹோர்ன் கத்தியது. நாய் நடத்திக்கொண்டு போன கிழவர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நன்றியாம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை பேருக்கு நன்றி சொல்லியாயிற்று! பழைய கட்டில் தந்தவருக்கு, பள்ளிக்கூடத்தில் சேர்த்தவருக்கு, விசாத் தாளில் முத்திரை குத்தியவருக்கு. அதெல்லாம் சரி. என் பல்லுக்கும் நான்தான் நன்றி சொல்லவேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மிஷன் பேயில் சனம். ரங்கிடோட்டோ மலை எதிரே தெளிவாகத் தெரிந்தது. கடற்கரையில் கூடாரம், அதற்குள் சிறு மேடை, மேடைக்குப் பின்னால் அதே படம், இன்னும் பெரிதாக. பிரணவி கடைசி வரிசையில் விதுஷனோடு உட்கார்ந்தாள். ஒன்றும் செய்வதாகத் தீர்மானித்து அவள் வரவில்லை. வராமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ரவிசங்கர் உலகப் போட்டிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னான். ரேச்சல் பேசினாள். பிறகு கெர்ரி மேடைக்கு வந்தாள். தடித்திருந்தாள், முகத்தில் பழைய வெட்கம் அப்படியே இருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கப் போனவளை, அந்தக் கடைசித் தடுப்பைப் பற்றிச் சொல்லும்படி யாரோ கேட்டார்கள். கைதட்டினார்கள்.

கெர்ரி ரேச்சலைப் பார்த்தாள். ரேச்சல், சொல் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

“அது... வலது பக்கம் பாய்ந்தேன்” என்றாள் கெர்ரி. “விரல் நுனியில் பட்டு வெளியே போனது.”

பிரணவி எழும்பியது அவளுக்கே தெரியாது. விதுஷன் கையை நீட்டினான். பிடிக்கவா, விடவா என்று அவனுக்கே தெரியவில்லை போல, நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அவள் கதிரைகளுக்கு நடுவே நேராக மேடையடிக்கு நடந்தாள்.

“எந்த விரல்?” என்று கேட்டாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை. இருபது வருஷமாகக் கோலுக்குள்ளிருந்தும் கிடங்குக்குள்ளிருந்தும் கத்திப் பழகிய குரல். “கெர்ரி, எந்த விரல்? முறிந்த விரலா?”

ரேச்சல் முன்னுக்கு வந்து, “தயவுசெய்து, இது நேரமில்லை” என்றாள்.

“பதினாறு வருஷம் நேரமில்லாமல்தான் இருந்தேன்.” பிரணவி படத்தைக் காட்டினாள். “எல்லோரும் அந்தச் சட்டையைப் பாருங்கள். கழுத்தில் இரத்தம். கெர்ரியின் வாயைப் பாருங்கள், ஒரு கீறல் இல்லை. ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பவளைப் பாருங்கள். அந்தப் பந்தை நிறுத்தியது விரல் இல்லை. இது!” உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். “நான் ஆடக்கூடாதவள். குடியுரிமை இல்லை. கெர்ரியா என்று நடுவர் கேட்டார், யெஸ் என்றேன். அது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் பெயர் இருக்கிறது. கெர்ரி, அதைச் சொல்.”

கெர்ரி கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“சொல்!”

“பிரணவி” என்றாள் கெர்ரி. ஒலிவாங்கி அதை வாங்கிக் கடற்கரை முழுவதும் சொன்னது.

அன்றைக்கே ஆரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் சபாஷ் என்றார்கள். பாதிப்பேர், களவையும் செய்துவிட்டு வெட்கமில்லாமல் மேடையேறிச் சொல்கிறாளே என்றார்கள். பழைய அணியில் ஒருத்தி செய்தி அனுப்பினாள்: ‘என் மகளுக்குக் காட்டி வைத்திருந்த ஒரே பதக்கம் அது. நான் உனக்கு என்ன செய்தேன்?’ அவள் ஒன்றும் செய்யவில்லைதான். அது பிரணவிக்குத் தெரியும். அதற்கு ஒரு பதில் எழுதி அழித்தாள். இன்னொன்று எழுதி அழித்தாள். அந்தச் சூடு ரேச்சல் மேல் போவதற்குப் பதிலாகத் தன் மேலேயே திரும்பியது. இரண்டு நாள் அவளால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை.

மூன்றாம் நாள் கிடங்கு வாசலில் கெர்ரி நின்றாள், கையில் ஒரு பையோடு. பைக்குள் அந்தக் கோப்பை.

“இது உன்னுடையது” என்றாள்.

“எனக்கு வேண்டாம்.”

“அப்போ நான் என்னதான் செய்வது? சொல், செய்கிறேன்.” கெர்ரியின் கண் கலங்கியிருந்தது. “வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை.”

பிரணவிக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மேலும் கோபம் வந்தது. “சங்கத்தில் விசாரணை வைக்கிறார்களாம். அங்கே வந்து நடந்ததைச் சொல். பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது யார், சட்டையைக் கொண்டுவந்து தந்தது யார், எல்லாம் சொல். அழாமல் சொல்.”

கெர்ரி வந்தாள். அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் எல்லாம் சொன்னாள். மூன்று பேர் கொண்ட குழு முன்னால் ரேச்சல், காலம் போய்விட்டது, ஞாபகமில்லை என்றாள். ரவிசங்கர் எழும்பி, தான் கிண்டி எடுத்த பழைய பட்டியலின் நகலை மேசையில் வைத்தான். கீழே காப்டனின் கையெழுத்து இருந்தது. பிறகு வெளியே வந்து பிரணவியிடம், “அக்கா, என்னை மன்னிச்சிருங்க. பேரு தெரியலைன்னு சொன்னதும் அப்படியே எழுதிட்டேன். இன்னொருத்தர்கிட்ட கேட்டிருக்கணும்” என்றான்.

“கேட்டிருக்கவேணும்” என்றாள் பிரணவி. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லவுமில்லை.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. வெண்கலம் ரத்து. ரேச்சல் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். வரலாற்றில் இனி இப்படித்தான் இருக்கும் என்று ரவிசங்கர் புதிய வரியை அனுப்பியிருந்தான்: ‘2010, ஆப்பியா: தகுதியற்ற வீராங்கனை பிரணவி குணரத்தினம், காப்டனின் அறிவுறுத்தலின்படி வேறொருவர் பெயரில் கோல்கீப்பராக ஆடினார். முடிவு ரத்து.’ குணரத்தினத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. பிரணவி நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தகுதியற்ற’ என்ற சொல் ஒவ்வொரு தரமும் குத்தியது. பொய்யென்று சொல்லவும் வழியில்லை.

கூடவே அவளுக்கென்று தனியாகச் சங்கத்தின் கடிதம் ஒன்று. ஆள்மாறாட்டத்துக்காக ஒரு வருஷத் தடை. விதுஷன் அதை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

“பதினாறு வருஷமா பந்தைத் தொடாத ஆளுக்கு ஒரு வருஷத் தடையாம்! ஃப்ரேம் போட்டு மாட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தின் மேலே இருந்த நம்பருக்கு அப்போதே அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். பெயர் கேட்டாள். பிரணவி எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

“மேன்முறையீடு செய்யப் போகிறீர்களா?” என்றாள் அந்தப் பெண் கவனமாக.

“இல்லை. தடை எப்போது முடிகிறது?”

பட்டன் தட்டுகிற சத்தம். “அடுத்த வருஷம் மார்ச் பதினெட்டு.”

“அன்றைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு?”

மறுபடி பட்டன் தட்டுகிற சத்தம். முப்பத்தாறு வயது என்று கோப்பில் எழுதியிருந்திருக்கும். “ஆறு மணிக்கு” என்றாள் கடைசியில். “பின்னேரம்.”

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றாள் பிரணவி. “கோல்கீப்பர் ஒருத்தி வருகிறாள்.”